200 சதுர அடியும் ஓர் அளவு நாடாவும்: எம்ஐடி பெண் விஞ்ஞானிகள் போட்ட கணக்கு

மீன் தொட்டிகள் வைக்க 200 சதுர அடி வேண்டும். கோரிக்கை அவ்வளவுதான். பத்துக்கு இருபது, நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஹால் அந்த அளவு இருக்கும். கேட்டவர் நான்சி ஹாப்கின்ஸ், மூலக்கூறு உயிரியலாளர். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்ஐடியில், 1973 முதல் பணியில் இருந்தவர். 1990-களின் தொடக்கத்தில் இந்த இடத்தைக் கேட்டபோது அவர் முழுப் பேராசிரியர். இடம் கிடைக்கவில்லை. ஆண் சகாக்களைவிடத் தன் ஆய்வகம் சிறியது என்று சொல்லிப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று பதில் வந்தது.

ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, தரையில் முட்டி போட்டு, தன் கட்டடத்து ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். அவருடையது 1,500 சதுர அடி. புதிதாகச் சேர்ந்த ஆண் உதவிப் பேராசிரியர்களுக்கு ஏறக்குறைய 2,000. அவருக்கு இணையான பதவியில் இருந்த ஆண்களுக்கு 3,000-இலிருந்து 6,000 வரை. கிரவுண்ட் கணக்கில் சொன்னால் இன்னும் உறைக்கும்: இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அரை கிரவுண்டுக்குச் சற்று மேல், அவருடைய சகாக்களுக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை கிரவுண்ட்.

அறிவியலில் பெண்கள் என்ற பேச்சு பெரும்பாலும் ஊக்கம், முன்மாதிரி, மனப்பான்மை என்று சுற்றிச்சுற்றி வரும். எம்ஐடியில் நடந்தது அந்த ரகம் இல்லை. அது ஒரு தணிக்கை. எதை எண்ணினார்கள், யார் எண்ணினார்கள், எண்ணிக்கை யார் மேசைக்குப் போனது என்பதில்தான் அதன் வெற்றியும், பிற்பாடு வந்த தேக்கமும் அடங்கியிருக்கின்றன.

இடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு

ஹாப்கின்ஸ் 1943-இல் பிறந்தவர். ரெட்கிளிஃப் கல்லூரி மாணவியாக இருந்தபோது, 1963-இல், டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் வகுப்பைக் கேட்டு மூலக்கூறு உயிரியலுக்குள் வந்தார். ஹார்வர்டில் மார்க் டாஷ்னியின் ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் மரபணுக்களை அடக்கிவைக்கும் புரதத்தைப் பற்றி ஆராய்ந்து 1971-இல் முனைவர் பட்டம் பெற்றார். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு. பிறகு சால்வடோர் லூரியா எம்ஐடியில் தொடங்கிய புற்றுநோய் ஆய்வு மையம். எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஆர்என்ஏ வைரஸ்கள் எந்தச் செல்லுக்குள் நுழையும், எந்த வகை நோயைத் தரும் என்பதை அந்த வைரஸின் எந்தப் பகுதி தீர்மானிக்கிறது என்று 15 ஆண்டுக்கு மேல் வேலை செய்தார்.

1980-களின் இறுதியில் துறை மாறினார். ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் ஆய்வகத்தில் ஜீப்ரா மீனைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் பையில் கட்டி விற்கிறார்களே, நீலக் கோடு போட்ட அதே மீன். கங்கைச் சமவெளிதான் அதன் பூர்வீகம். முட்டையும் கருவும் கண்ணாடி மாதிரி இருப்பதால் உறுப்புகள் உருவாவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். ஐந்தே நாளில் குஞ்சு நீந்தத் தொடங்கிவிடும்.

ஆனால் இந்த ஆராய்ச்சி இடத்தைத் தின்னும். கருவுக்குள் ரெட்ரோவைரஸை, அதாவது முன்பு சொன்ன ஆர்என்ஏ வைரஸ் வகையை, செலுத்தினால் அது மீனின் டிஎன்ஏவில் எங்காவது போய்ச் செருகிக்கொள்ளும். செருகிய இடத்தில் ஒரு மரபணு கெட்டுப்போகும். மரபணு கெட்டதன் விளைவு வெளியே தெரிய, அந்தக் கெட்ட பிரதி தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரவேண்டும். ஆகவே வைரஸ் ஏற்றிய மீனை வளர்த்து, அதன் குஞ்சுகளை வளர்த்து, ஒரே குடும்பத்து மீன்களை ஜோடி சேர்த்து, பிறகுதான் கருக்களைச் சோதிக்க முடியும். ஒரு தலைமுறை ஏறக்குறைய மூன்று மாதம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் தொட்டி. கலந்தால் கணக்கு போயிற்று. ரசாயனம் கொடுத்து மரபணுவைக் கெடுக்கும் பழைய முறையில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். வைரஸ் முறையில் வைரஸே அடையாளச் சீட்டு, அதைப் பிடித்து இழுத்தால் மரபணு கையில் வந்துவிடும். அவர் குழு 2004-இல் வெளியிட்ட பட்டியலில் மீனின் ஆரம்ப வளர்ச்சிக்கு இன்றியமையாத 315 மரபணுக்கள் இருந்தன.

200 சதுர அடி இல்லையென்றால் தொட்டி இல்லை. தொட்டி இல்லையென்றால் முதல்கட்டத் தரவு இல்லை. அது இல்லாமல் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது. நிதி இல்லாதவரிடம் மாணவர்கள் சேரமாட்டார்கள். மாணவர்கள் இல்லாத ஆய்வகத்துக்கு எதற்கு இடம் என்று நிர்வாகம் கேட்கும். இடப் பங்கீட்டைத் தேவையின் அடிப்படையில் செய்கிறோம் என்று எந்தத் துறை சொன்னாலும் இந்த வட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். இன்றைய தேவை என்பது நேற்றைய பங்கீட்டின் நிழல்.

பதினைந்து பேர்

நாடாவால் மட்டும் காரியம் நடந்துவிடவில்லை. 1994-இல் இன்னொரு சிக்கல். எம்ஐடி மாணவர் எல்லோரும் உயிரியல் படித்தாக வேண்டும் என்ற விதி வந்திருந்தது. அதற்காக ஓர் ஆண் பேராசிரியரோடு சேர்ந்து ஹாப்கின்ஸ் உருவாக்கிய பாடத்தை இனி அவர் நடத்த வேண்டாம் என்றார்கள். எம்ஐடி தலைவர் சார்லஸ் வெஸ்டுக்குக் கடிதம் எழுதினார். அனுப்பும் முன் சக உயிரியலாளர் மேரி-லூ பார்டியூவிடம் காட்டினார். குரோமோசோமில் ஒரு மரபணு எங்கே இருக்கிறது என்று காட்டும் முறையை ஜோசஃப் காலுடன் சேர்ந்து உருவாக்கியவர் பார்டியூ. புகாரோ புலம்பலோ செய்பவர் என்று யாரும் நினைத்திராதவர். படித்துவிட்டு, தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

இரண்டு பேருக்கு ஒரே அனுபவம் என்றால் மற்றவர்களுக்கு எப்படி? எம்ஐடியில் ‘அறிவியல் பள்ளி’ எனப்படும் பிரிவில் ஆறு துறைகள்: உயிரியல், மூளை மற்றும் அறிதல் அறிவியல், வேதியியல், புவி மற்றும் கோள் அறிவியல், கணிதம், இயற்பியல். பணி நிரந்தரம் பெற்ற பெண்களைப் பட்டியல் போட்டபோது 15 பேர்தான் தேறினார்கள். அதே நிலையில் ஆண்கள் 190-க்கு மேல். நிரந்தரம் ஆகாதவர்களையும் சேர்த்தால் 22 பெண்கள், 252 ஆண்கள், எட்டு சதவீதம். அந்த எட்டு, குறைந்தது பத்து ஆண்டாக அசையவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஆறு துறைகளில் மூன்றில் இளநிலை மாணவர்களில் பெண்களே அதிகம். படிக்க வரும் பெண்கள் கூடினால் காலப்போக்கில் பேராசிரியர்களும் கூடிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு இந்த இரண்டு எண்களே போதுமான பதில்.

அறை அறையாகப் போய்ப் பேசினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பணி நிரந்தரம் பெற்றவர்களிடம் மட்டும் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியரின் தலைவிதியை ஏழெட்டு ஆண்டில் துறையின் மூத்தவர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். அந்த நிலையில் இருப்பவரைக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்வது அவரைப் பணயம் வைப்பது. இளையவர்களை முன்னால் நிறுத்தித் தொடங்கிய இத்தகைய முயற்சிகள் பாதியில் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

கடிதம் போன இடமும் முக்கியம். அறிவியல் பள்ளியின் டீன் ராபர்ட் பர்ஜனோ, இயற்பியலாளர். சம்பளம், இடம், தொடக்க நிதி, பணியமர்த்தல் என்று ஆறு துறைகளின் சாவியும் அவர் கையில். குறைதீர்ப்பு அதிகாரியிடமோ சமத்துவப் பிரிவிடமோ போயிருந்தால் பரிந்துரையோடு நின்றிருக்கும். தரவைப் பார்க்க அதிகாரமும், பார்த்ததைச் சரிசெய்யப் பணமும் ஒரே ஆளிடம் இருந்தன.

குழு என்ன எண்ணியது

1995-இல் குழு அமைந்தது, தலைவர் ஹாப்கின்ஸ். துறைத்தலைவர்கள் சிலருக்கு இதில் விருப்பமில்லை. சமரசமாக மூன்று மூத்த ஆண் பேராசிரியர்கள் சேர்க்கப்பட்டார்கள்: 1990-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெரோம் ஃப்ரீட்மன், அணு இயற்பியலாளர் டேனியல் கிளெப்னர், வேதியியலாளர் ராபர்ட் சில்பி. கணிதத் துறையின் சார்பில் பெண் உறுப்பினர் இல்லை. அங்கே பணி நிரந்தரம் பெற்ற பெண்ணே கிடையாது. அந்த மூன்று ஆண்களைச் சேர்த்தது தற்செயலாக வாய்த்த நல்ல காரியம். எந்த எண்ணை எந்தக் கோப்பில் தேட வேண்டும், துறைத்தலைவர் ஒரு சலுகையை எந்தத் தலைப்பில் எழுதிவைப்பார் என்பதெல்லாம் நிர்வாகத்தில் புழங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

சம்பளத்திலிருந்து தொடங்கினார்கள். அமெரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஒன்பது மாதச் சம்பளம்தான் தரும். கோடை மாதங்களுக்கானதைப் பேராசிரியர் தன் ஆராய்ச்சி நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சில துறைகளில் அந்த ஒன்பது மாதத்திலும் ஒரு பகுதியை நிதியிலிருந்து கொண்டுவரச் சொல்வார்கள். மொத்தச் சம்பளம் சமமாகத் தெரிந்தாலும், அதில் எத்தனை பங்கைச் சொந்தமாகத் திரட்ட வேண்டியிருந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். வெறும் சம்பளப் பட்டியலோடு நிறுத்தும் தணிக்கைகள் இந்த இடத்தில் ஏமாந்துபோகின்றன.

அடுத்து வெளி அழைப்புகள். வேறொரு பல்கலைக்கழகம் வேலை தருகிறது என்று ஒருவர் சொன்னால், அவரைத் தக்கவைக்கச் சம்பளம், இடம், உதவியாளர் எனத் துறை அள்ளிக் கொடுக்கும். அமெரிக்கக் கல்வி உலகில் சம்பள ஏற்றத்தின் பெரும்பகுதி இந்த வழியில்தான் நடக்கிறது. ஆண்களுக்கு அழைப்பு வந்தபோது துறை எப்படி நடந்துகொண்டது, பெண்களுக்கு வந்தபோது எப்படி என்று ஒப்பிட்டதில் வித்தியாசம் இருந்தது. இடம், விருதுகள், ஆராய்ச்சிக்கான வசதிகள் ஆகியவற்றிலும் அதே போக்கு. அதிகாரப் பதவிகளை எண்ணுவதற்கு நேரமே ஆகவில்லை: அறிவியல் பள்ளியின் வரலாற்றில் துறைத்தலைவராகவோ ஆய்வு மைய இயக்குநராகவோ ஒரு பெண்கூட இருந்ததில்லை.

இவர்கள் திறமையில் பின்தங்கியவர்களா என்றால், அந்த மூத்த பெண்களில் 40 சதவீதத்தினர் தேசிய அறிவியல் அகாதெமியிலோ அமெரிக்கக் கலை அறிவியல் அகாதெமியிலோ உறுப்பினர்கள்.

எண்களோடு நேர்காணல்களும் நடந்தன. அதில் வெளிப்பட்டதுதான் அறிக்கையின் மிகக் கூர்மையான பகுதி என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பாகுபாடு பற்றிப் புகார் இல்லை; குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளிப்பது என்பதே அவர்கள் கவலை. மூத்தவர்களோ ஓரம் கட்டப்பட்டதாக உணர்ந்தார்கள். ஆனால் அதே மூத்தவர்களும் இளமையில் அப்படித்தான், எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்தவர்கள். பாகுபாடு முந்தைய தலைமுறையோடு தீர்ந்துவிட்டது என்று ஒவ்வொரு தலைமுறையும் நம்பிக்கொண்டு உள்ளே வருகிறது. இளையவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டு ‘எங்கள் துறையில் பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிடும் நிறுவனங்கள் நிறைய. பதவி உயர உயரத்தான் பங்கீட்டில் பேரம் நுழைகிறது. விரிசலும் அங்கேதான் தொடங்குகிறது.

ரகசியமும் அதன் விலையும்

1996-இல் டீனிடம் கொடுத்த முழு அறிக்கை வெளியாகவில்லை. காரணம் எளிது: ஒரு துறையில் ஒரே ஒரு பெண் பேராசிரியர் இருக்கும்போது ‘பெண்களின் சராசரிச் சம்பளம்’ என்றால் அது அவருடைய சம்பளச் சீட்டு. 1999 மார்ச்சில் எம்ஐடி ஆசிரியர் செய்திமடலில் வந்தது சுருக்கம்தான். அதற்கு வெஸ்ட் முன்னுரை எழுதினார். பல்கலைக்கழகங்களில் பாலினப் பாகுபாடு பாதி நிஜம், பாதி தோற்றம் என்று நம்பிவந்ததாகவும், நிஜத்தின் பங்கே மிகப் பெரியது என்று இப்போது புரிந்ததாகவும் அதில் சொன்னார். ஒரு பல்கலைக்கழகத் தலைவர், வழக்கு எதுவும் இல்லாமல், தானாகவே இதை ஒப்புக்கொண்டதுதான் செய்தி. அதே மாதம் அது ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் வந்தது.

எதிர்ப்பும் வந்தது. அலாஸ்கா பல்கலைக்கழக உளவியலாளர் ஜூடித் கிளைன்ஃபெல்ட், தரவு வெளியிடப்படாத அறிக்கையை அறிவியல் என்று சொல்லக் கூடாது என்றார். புகார் கொடுத்தவரே விசாரணைக் குழுவின் தலைவர் என்பதையும் சுட்டிக்காட்டினார். இரண்டாவது குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. எம்ஐடியில் அது பெரிய சேதம் செய்யாததற்குக் காரணம், சம்பளத்தையும் இடத்தையும் சரிசெய்தவர் டீன். அவரிடம் மூல எண்கள் இருந்தன. வேறொரு நிறுவனம் இதைச் செய்தால் தலைமையைப் புகாருக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. தரவைப் பொறுத்தவரை, துறைவாரியாக வெளியிடாமல் பல துறைகளை ஒன்றுசேர்த்து, பதவி வாரியாக நடுமதிப்பை மட்டும் வெளியிடலாம். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டு, தனிநபர் ஒப்பீட்டைத் தணிக்கையாளரின் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

ரகசியம் தேவைப்படாத ஒரு கணக்கு அதே காலத்தில் சுவீடனில் நடந்தது. கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், 1995-இல் சுவீடன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட மேற்படிப்பு உதவித்தொகைக்கு வந்த 114 விண்ணப்பங்களின் மதிப்பெண்களை, அரசு ஆவணங்களைப் பார்க்கும் சட்ட உரிமையைப் பயன்படுத்திப் பெற்றார்கள். வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை, இதழ்களின் தரம் எல்லாவற்றையும் புள்ளிகளாக்கி ஒப்பிட்டார்கள். ஓர் ஆண் பெறும் அதே திறன் மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. மதிப்பீட்டுக் குழுவில் தெரிந்தவர் இருந்தாலும் மதிப்பெண் ஏறியது என்பது கூடுதல் கண்டுபிடிப்பு. அது ஆண்களையும் பாதித்த சங்கதி. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் முழு முறையோடு வெளியானதால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்தது. எம்ஐடி அறிக்கை நிர்வாகத்தை அசைத்தது. சுவீடன் கட்டுரை சந்தேகக்காரர்களிடம் பேசியது. இரண்டுக்கும் வேலை வேறு.

வளைகோடு சொல்வது

தனிநபர் திருத்தங்கள் வேகமாக நடந்தன: சம்பளம், ஓய்வூதியம், இடம், ஆய்வகப் புதுப்பிப்பு. இவை டீனின் கையெழுத்தில் முடிகிற வேலைகள். ஆட்களைச் சேர்ப்பது அப்படி இல்லை, ஏனென்றால் தேர்வு துறையின் கையில். பர்ஜனோ செய்தது அழுத்தம் கொடுப்பது: ஒவ்வொரு காலியிடத்துக்கும் பெண்களைத் தேடினீர்களா, யார் யார், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று துறைத்தலைவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது. 1999-இல் அறிவியல் பள்ளியில் பெண் ஆசிரியர்கள் 30 ஆனார்கள்.

2006-இல் ஹாப்கின்ஸ் பழைய பதிவேடுகளைத் தோண்டி, நாற்பதாண்டுக்கு மேல் ஆண்டுவாரியாக எத்தனை பெண் ஆசிரியர்கள் என்று ஒரு வளைகோடு வரைந்தார். மெதுவாக ஏறும் சாய்தளமாக அது இல்லை, படிக்கட்டாக இருந்தது. முதல் படி 1970-களின் தொடக்கம்: மத்திய அரசின் பணம் பெறும் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று வாஷிங்டன் கட்டாயப்படுத்திய காலம். பிறகு நீண்ட சமதளம். இரண்டாவது படி 1996-க்கும் 2000-க்கும் இடையில். 2000-இல் பர்ஜனோ டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போனார்; மறுபடி சமதளம். முனைவர் பட்டம் பெறும் பெண்களின் எண்ணிக்கை இந்தக் காலம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தும் ஆசிரியர் கோடு அதைப் பின்தொடரவில்லை. அது பின்தொடர்ந்தது நாற்காலியில் இருந்த ஆளைத்தான். இந்த நிகழ்விலிருந்து ஒரே ஒரு படத்தைத்தான் எடுத்துப்போக முடியும் என்றால் அது இந்தப் படிக்கட்டுதான்; அளவு நாடாகூட இல்லை.

2011-இல் மறுபடி எண்ணியபோது அறிவியலில் 52 பெண்கள், 19 சதவீதம். பொறியியலில் 32-இலிருந்து 60.

சரிசெய்தபின் முளைத்தவை

2011 அறிக்கை சொன்ன குறைகள் 1999-இல் இருந்தவை அல்ல. முதலாவது, நிர்வாகக் குழுக்களில் உட்காரும் வேலை. எல்லாக் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற நல்லெண்ண விதி என்ன செய்யும் என்பதை 1994-இன் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஏழு பேர் கொண்ட 60 குழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் என்றால், 22 பெண்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 2.7 குழு. மீதி 360 இடங்களை 252 ஆண்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 1.4. விதி எழுதியவர் கண்ணில் இது படாது. ஆராய்ச்சி நேரத்தில் கைவைக்கும்போதுதான் தெரியும். குழு வேலையைக் கற்பித்தல் சுமையில் கழித்துக்கொடுக்காத நிறுவனம் இந்த விதியைப் போடாமலே இருக்கலாம். இதில் இன்னொரு நுணுக்கம், எந்தக் குழு என்பது. விழா ஏற்பாட்டுக் குழுவும் இடப் பங்கீட்டுக் குழுவும் ஒன்றல்ல.

இரண்டாவது, பெண் என்பதற்காகத் தரத்தைக் குறைத்து எடுத்தார்கள் என்ற முணுமுணுப்பு. இதை நிர்வாகம் அறிவிப்புப் போட்டு அடக்க முடியாது. பணி நிரந்தரத்துக்கான கோப்பில் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் வெளி மதிப்பீட்டுக் கடிதங்கள் வாங்குவது போன்ற சலிப்பான ஒழுங்குதான் கைகொடுக்கும்.

மூன்றாவது, குழந்தை பிறந்தால் பணி நிரந்தரக் கெடுவை ஓராண்டு நீட்டிக்கும் விதி. கேட்டால் தரப்படும் என்று வைத்தால் கேட்கத் தயங்குவார்கள். ஆகவே தானாகவே கிடைக்கும்படி மாற்றுவது சரி. ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் ஒரே மாதிரி தரலாமா? அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகள் ஏறக்குறைய ஐம்பதை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு சங்கடமான விடை சொன்னது: இருபாலருக்கும் பொதுவான நீட்டிப்பு வந்தபின் முதல் வேலையிலேயே நிரந்தரம் பெறும் வாய்ப்பு ஆண்களுக்குக் கணிசமாகக் கூடியது, பெண்களுக்குக் கணிசமாகக் குறைந்தது. ஆண்கள் அந்தக் கூடுதல் ஆண்டில் கட்டுரை எழுதினார்கள் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அதற்காகத் தந்தையருக்கு விடுப்பே கூடாது என்று போக வேண்டியதில்லை. விடுப்பை ஒருபுறமும், கெடு நீட்டிப்பை மறுபுறமும் பிரித்து, பின்னதை முதன்மைப் பராமரிப்பாளர் என்று எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் தருவது ஒரு வழி.

நாடா எடுக்கப் போகிறவர்களுக்கு

இட அளவீடு பார்க்க எளிது, செய்யும்போது சறுக்கும். வரைபடத்தை நம்பக் கூடாது. வரைபடத்தில் ஒருவர் பெயரில் உள்ள அறையில் இன்னொருவரின் குளிர்பெட்டி பத்தாண்டாக நிற்கும். அறைக்குள் போய், சுவருக்குச் சுவர் அளந்து, யார் புழங்குகிறார் என்று கதவருகிலேயே குறிக்க வேண்டும். ஆய்வு மேசை உள்ள இடம், கருவி அறை, குளிர் அறை, மாணவர் மேசைகள், சொந்த அலுவலகம், கிடங்கு என்று தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும். பொதுக் கருவி அறையை ஒருவர் கணக்கில் போட்டால் முழு ஒப்பீடும் கெடும். அதைப் பயன்படுத்துவோரிடையே வகுக்கவும், இல்லையேல் வெளியே வைக்கவும்.

பதவியும் பணிக்காலமும் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட வேண்டும். ‘அவர் குழு பெரியது, அதனால் இடம் பெரிது’ என்ற வாதம் நிச்சயம் வரும். அதனால் தலைக்கு எத்தனை சதுர அடி என்றும் ஒரு பத்தி போட வேண்டும். ஆனால் அதை மட்டுமே வைத்து முடிவெடுத்தால் முன்பு சொன்ன வட்டத்துக்குள் மாட்டிக்கொள்வோம். பணியில் சேர்ந்த நாளில் ஒவ்வொருவருக்கும் தந்த இடமும் தொடக்க நிதியும் நியமனக் கடிதத்தில் இருக்கும். அங்கிருந்து ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று தொடர்ந்தால் எந்தக் கட்டத்தில் கோடுகள் பிரிகின்றன என்பது தெரியும்.

ஓய்வுபெற்றவர்களை மறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் 2023-இல் வந்த இட ஆய்வு இதற்கு நல்ல பாடம். அங்கே ஆய்வாளர்களில் பெண்கள் 26 சதவீதம். அவர்களிடம் இருந்த இடம் 17 சதவீதம். மொத்த இடத்தில் ஏறக்குறைய கால் பங்கை ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் வைத்திருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இன்று யாரும் யாரையும் வஞ்சிக்காமலே, பழைய பங்கீடு சாவிக்கொத்தாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

எம்ஐடிக்கு வெளியே

2001 ஜனவரியில் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைமைகள் எம்ஐடியில் கூடி, தாங்களும் எண்ணிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தனிப்பட்ட பெண் விஞ்ஞானிகளுக்குப் பதிலாக நிறுவனங்களை மாற்றுவதற்குப் பணம் தரும் ‘அட்வான்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் 2005-இல் வந்த ‘அதீனா ஸ்வான்’ சான்றிதழும், அதன் வழியில் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொண்டுவந்த ‘கதி’ திட்டமும் நிறுவனம் தன்னைத் தானே எண்ணிக்கொள்வதை அடிப்படையாகக் கொண்டவை. எண்ணுபவரிடம் சம்பளக் கோப்பும் சாவியும் தரப்படுகின்றனவா என்பதில் அவற்றின் பலன் நிற்கிறது. எம்ஐடிக்கே 2004 டிசம்பரில் முதல் பெண் தலைவர் வந்தார், நரம்பியலாளர் சூசன் ஹாக்ஃபீல்ட்.

ஓய்வுக்குப் பின் ஹாப்கின்ஸ், ஹாக்ஃபீல்டும் பொறியியலாளர் சங்கீதா பாட்டியாவும் துணையாக, வேறொன்றை எண்ணத் தொடங்கினார். எம்ஐடியின் ஏழு அறிவியல், பொறியியல் துறைகளில் ஆசிரியர்களில் பெண்கள் 22 சதவீதம். அந்த ஆசிரியர்கள் தொடங்கிய உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களில் பெண்கள் நிறுவியவை பத்து சதவீதத்துக்கும் கீழே. ஆண்கள் தொடங்கிய அதே விகிதத்தில் பெண்களும் தொடங்கியிருந்தால் இன்னும் சுமார் 40 நிறுவனங்கள் இருந்திருக்கும் என்று கணக்கு வந்தது. சம்பளத்தையும் இடத்தையும் போல இதை ஒரு டீனின் கையெழுத்தில் சரிசெய்துவிட முடியாது: முதலீட்டாளர் யாரை இரவு உணவுக்கு அழைக்கிறார் என்பது எந்தப் பல்கலைக்கழகக் கோப்பிலும் இல்லை.